பட்டன் தேயாத டயரும் கெடும்

கீழக்கரை, ஏர்வாடி, இராமேஸ்வரம் பக்கங்களிலிருந்து எங்கள் டயர் பட்டறைக்கு வரும் கார்களில் பல, அதிகம் ஓடாதவை. வீட்டுக்காரர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார். அவர் விடுப்பில் வரும்வரை வண்டி வெயிலில் நிற்கும். "பட்டன் அப்படியேதானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார்கள். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், இருப்பது உண்மைதான். ஆனால் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தை விரலால் விரித்துப் பார்த்தால், அடியில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடுவது தெரியும். வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போன அந்த ரப்பரை நம்பி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மதுரைச் சாலையில் வேகமாகப் போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான காலத்தைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால், வண்டிக்கு உள்நோக்கி இருக்கும் பக்கவாட்டையும் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் காட்டிப் பரிசோதியுங்கள். பத்து ஆண்டுகள் ஆனால், ஒருநாளும் ஓடாத ஸ்டெப்னியானாலும் கழித்துவிடுங்கள். புதிதாக வாங்கும்போது, ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே இந்த எண்ணைப் படித்துவிடுவது நல்லது.

பக்கவாட்டில் டயரின் அளவை அடுத்து வரும் 88 ஹெச் போன்ற குறியீட்டில், 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோ என்பதையும், ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரையிலான வேகத்தையும் குறிக்கும். இங்கே அந்த வேகத்தில் யார் போகிறார்கள் என்று கேட்கலாம். வேகத்தில் பிறக்கும் சூட்டைத் தாங்கும் திறனும் அந்த எழுத்தில் அடங்கியிருப்பதால், கார் நிறுவனம் சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம். பட்டன் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் டிரெட்வேர் 400 என்ற எண்ணை 40,000 கிலோமீட்டர் என்று படிப்பதும் தவறு. அது 100 என வைத்த ஒரு சோதனை டயரோடு ஒப்பிட்டு, தயாரிப்பாளரே தரும் மதிப்பீடு மட்டுமே.

வாரண்டியைப் பற்றித்தான் மனத்தாங்கல் அதிகம். அது தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொருந்தும். சீமைக்கருவேல முள் ஏறியதோ, பள்ளத்தில் மோதி உள்நூல் அறுந்து பக்கவாட்டு புடைத்ததோ, காற்றுக் குறைவாக ஓட்டிக் கெட்டதோ அதில் வராது. குறை உறுதியானாலும் பெரும்பாலும் முழு டயர் இலவசமாகக் கிடைப்பதில்லை. 8 மில்லிமீட்டர் ஆழத்தில் தொடங்கும் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. இடையில் உள்ள 6.4இல் பாதி தேய்ந்திருந்தால், புது டயரின் விலையில் பாதியை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே டயரின் வரிசை எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாவிட்டால், வாங்கிய நாளுக்குப் பதிலாகத் தயாரான வாரத்திலிருந்தே காலத்தைக் கணக்கிடும் நிறுவனங்கள் உண்டு.

நம் கடற்கரையில் இன்னொன்றும் நடக்கிறது. உப்புக்காற்றில் இரும்பு ரிம்மின் விளிம்பு துருவேறினால், ட்யூப்லெஸ் டயரிலிருந்து காற்று மெல்லக் கசியும். புது டயரில்தான் குறை என்று புகார் கொடுத்தால் அது தள்ளுபடியாகும். ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வால்வையும் புதிதாக மாற்றிய பிறகே டயரை ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால், முன்சக்கரத்தில் இழுவை உள்ள வண்டியானாலும், புதியவற்றைப் பின்னால் பூட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் தேய்ந்த பின்டயர் வழுக்கினால், ஸ்டீயரிங்கைத் திருப்பி வண்டியை மீட்பது மிகக் கடினம்.