நீலப் புகை வந்தால் உடனே என்ஜினை இறக்காதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் சைலன்சரில் நீலப் புகையைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என்ஜினை இறக்கணுமா?" என்பதுதான், அதாவது வண்டியிலிருந்து வெளியே எடுத்துப் பிரிக்கணுமா என்று. நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: எப்போது புகைகிறது? புகையின் நிறத்தைவிட அது வரும் நேரம்தான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

நிறத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் (குளிரில் ஸ்டார்ட் ஆக பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் அமைப்பு), கார்புரேட்டர் ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை), ஏர் ஃபில்டர் இவற்றைப் பாருங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாக வந்து, என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. சூடான பிறகும் லேசான இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் எரிகிறது, என்ஜின் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். நீலம் கலந்த சாம்பல் நிறமும் கருகிய ஆயில் வாடையும் இருந்தால்தான் என்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம்.

இரவு முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலமாகப் புகைவிட்டு அப்புறம் சுத்தமாகிவிட்டால், பெரும்பாலும் வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் இறுகிப்போயிருக்கும், இல்லையென்றால் அந்தத் தண்டு ஓடும் குழாயான வால்வ் கைடு தேய்ந்திருக்கும். அதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்லுங்கள். நீண்ட இறக்கத்தில் வண்டியை கியரிலேயே வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டு இறங்குங்கள். அப்போது என்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) மிக அதிகமாகி, கைடு இடைவெளி வழியே ஆயிலை உள்ளே இழுக்கும். கீழே வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்னால் வருபவர் நீலப் புகையைப் பார்த்தால், கோளாறு அநேகமாக ஹெட்டில்தான். அதற்கு மாறாக, ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போரும் தேய்ந்திருக்கலாம்.

ரிங் என்று தோன்றினால் அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. என்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா ப்ளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து எடுக்க வேண்டும். குறைந்த அளவு காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. ஆனால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்பதற்காக ரிங்கை விடுதலை செய்துவிட முடியாது. மேல் ரிங்குகள் சரியாக இருந்து, சிலிண்டர் சுவரில் ஆயிலை வழித்துவிடும் ஆயில் ரிங் மட்டும் கார்பன் பிடித்து இறுகியிருக்கலாம். பல வருடம் ஓடாமல் நின்ற வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். புது ஆயில் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் நன்றாக ஓட்டிய பிறகு முடிவெடுங்கள்.

என்னை அதிகம் வருத்தப்படுத்துவது வேறொரு வகை. வெள்ளைப் புகைக்காக ஹெட்டைப் பிரித்து கேஸ்கெட் மாற்றியும் புகை நிற்காத ஒரு வண்டி என்னிடம் வந்தது. கூலன்ட் துளிகூடக் குறையவில்லை. பிரேக் ஆயில் டப்பாவில்தான் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது, வெளியே எங்கும் கசிவில்லை. பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஈரம். பூஸ்டரோடு ஒட்டி நின்று பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய், அந்த ஆயிலை பூஸ்டர் வழியே என்ஜின் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த ஹோஸைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அதேபோல என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வாயுவை வெளியேற்றும் குழாயான கிரான்க்கேஸ் ப்ரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல என்ஜினும் ஆயிலைத் தள்ளும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் ஏறுகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா? மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல், என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

புகையை அடக்குகிறேன் என்று கெட்டியான மருந்துகளை ஆயிலில் ஊற்றாதீர்கள், அறிகுறிதான் மறையும். 1000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், போரை மேலும் கீழும் அளந்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கையில் எழுதி வாங்கிய பிறகே ரீபோருக்கு (போரைக் கடைந்து பெரிதாக்குவதற்கு) சம்மதம் சொல்லுங்கள்.