பத்தாயிரம் டாலர் ஃபார்முக்கு பயந்து பணத்தப் பிரிச்சுப் போடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்

நான் அமெரிக்கால சிபிஏ, அதாவது கணக்கும் வரியும் பாக்குற ஆடிட்டர். போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு க்ளையன்ட் ஃபோன் பண்ணாரு. நியூஜெர்சில, எடிசன் பக்கம் மளிகைக்கடை வச்சிருக்காரு, தங்கமான மனுஷன், சேல்ஸ் டாக்ஸ்ல ஒரு டாலர் குறைஞ்சாக்கூட தூக்கம் வராது அவருக்கு. "அக்கா, 12,400 டாலர் கேஷ் போடலாம்னு பேங்க்குக்குப் போனேன், கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு லைசென்ஸ் குடுங்க, ஒரு ஃபார்ம் போடணும்னுச்சு, எதுக்கு வம்புன்னு மூவாயிரத்தத் திருப்பி வாங்கிட்டு மிச்சத்த மட்டும் போட்டுட்டு வந்துட்டேன், சரிதானேக்கா?"

டெபாசிட் ஸ்லிப்பையெல்லாம் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கன்னேன். 9,400. அதுக்கு முந்தின வாரம் 9,600. அதுக்கு முன்னாடி 9,200, 9,500. நாலு மாசமா இதே கதை. யாருப்பா சொன்னா இப்படிப் போடச் சொல்லின்னு கேட்டா வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் சொன்னாராம். இந்த வருஷத்துல எனக்கு இது மூணாவது ஆளு, அதான் இத எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன்.

முதல்ல அந்த ஃபார்ம். பத்தாயிரத்துக்கு மேல கேஷ் போட்டா, இல்ல எடுத்தா, பேங்க் ஒரு ரிப்போர்ட் அனுப்பும், சிடிஆர்னு பேரு. அத நிரப்புறது பேங்க், நீங்க இல்ல. அது டாக்ஸ் கிடையாது. அபராதம் கிடையாது. உங்கமேல புகாரும் கிடையாது. 11,000 போட்டா ஆயிரத்துக்கு டாக்ஸ் பிடிப்பாங்கன்னு ஒருத்தர், ஆடிட் கட்டாயம் வரும்னு இன்னொருத்தர், கிரீன் கார்டு கிடைக்காமப் போயிரும்னு ஒரு அம்மா என்கிட்ட அழுதே அழுதாங்க. ஒண்ணுமே இல்லீங்க. கேஷ் கவுன்ட்டர்ல லைசென்ஸ் காட்டி, என்ன தொழில்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. நாடு முழுக்க தினமும் ஹோட்டல், பெட்ரோல் பங்க், கார் வாஷ்னு எத்தன கடைக்கு இந்த ரிப்போர்ட் போகுது, அதுல உங்களுது ஒண்ணு. வித்த பணம், கணக்குல இருக்கு, வரி கட்டியாச்சு, அப்புறம் என்ன பயம்? செக்குக்கும் வயர் டிரான்ஸ்ஃபருக்கும் இந்த ஃபார்மே கிடையாது, ரொக்கத்துக்கு மட்டும்தான். இந்தியால இருக்கற அக்கவுன்ட்டுக்கு வருஷா வருஷம் போடற ரிப்போர்ட்லயும் இதே பத்தாயிரம் வரும், அது வேற சமாச்சாரம், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

குத்தம் எங்க இருக்குன்னா, அந்த ஃபார்மத் தவிர்க்கணும்னே பணத்தப் பிரிச்சுப் போடுறதுல. ஸ்ட்ரக்சரிங்னு பேரு. பணம் எவ்வளவு சுத்தமானதா இருந்தாலும் சரி, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. நம்ம ஆளு பண்ணமாதிரி ஃபார்ம்னு கேட்டதும் பாதியத் திருப்பி வாங்குறது இருக்கே, பேங்க்காரங்களுக்கு டிரெய்னிங்ல சொல்லிக்குடுக்கற முதல் பாடமே அதுதான். உடனே சந்தேக ரிப்போர்ட் ஒண்ணு போடுவாங்க, அதுக்கு அஞ்சாயிரம் டாலரே போதும். போட்டத உங்ககிட்ட சொல்லவும் சட்டம் அனுமதிக்காது, சிரிச்ச முகமா ஹேவ் எ நைஸ் டேன்னு அனுப்பி வச்சிருவாங்க.

அரசாங்கம் இந்தச் சட்டத்த வச்சு என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு தெரிஞ்சாதான் நான் ஏன் இப்படிக் கத்துறேன்னு புரியும். 1970ல பேங்க் சீக்ரெசி ஆக்ட் வந்துச்சு. பேருதான் சீக்ரெசி, வேல பேங்க் ரகசியத்த கவர்மென்ட்டுக்குச் சொல்றது. 1976ல மில்லர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், பேங்க்ல இருக்கற உங்க ரெக்கார்டு உங்களுதே இல்ல, பேங்க்கோடதுன்னு சொல்லி அநியாயமா சோதனை போடுறதத் தடுக்கற நாலாவது அரசியல் சட்டத் திருத்தத்தோட பாதுகாப்ப அங்கேயே கழட்டி விட்டுருச்சு. அந்தப் பத்தாயிரம்ங்கற அளவும் எழுபதுகள்ல வச்சதுதான், அன்னைக்கு அதோட மதிப்பு இன்னைய எழுபதாயிரத்துக்கு மேல, அதாவது பெரிய ஆளுங்களப் பிடிக்க வச்ச வலையில இப்ப இட்லி கடைக்காரர் சிக்குறாரு.

1986ல பிரிச்சுப் போடுறதயே தனிக் குத்தமாக்குனாங்க. 1994ல ராட்ஸ்லாஃப்ங்கற கேஸ்ல, பிரிச்சுப் போடுறது குத்தம்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருந்ததா நிரூபிக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 5-4ல சொல்லுச்சு. நியாயமான தீர்ப்பு. அதே வருஷமே காங்கிரஸ், அதாவது இங்க இருக்கற பார்லிமென்ட், சட்டத்த மாத்தி அந்த ஓட்டைய அடைச்சிருச்சு. அதனால "எனக்குத் தெரியாதுங்க"ன்னு இன்னைக்குச் சொன்னா எடுபடாது.

இதவிட மோசம் பறிமுதல். 1984ல ஒரு சட்டம் போட்டு, பறிமுதல் பண்ண பணம் ஒரு ஃபண்டுக்குப் போய் பிடிச்ச ஏஜென்சிங்களோட வேலைக்கே செலவாகும்னு ஆக்கிட்டாங்க. லோக்கல் போலீஸ் ஃபெடரலோட சேந்து பிடிச்சா 80 சதவீதம் வரைக்கும் பங்கு உண்டு. பூனைகிட்ட பாலுக்குக் காவல். இதுல கேஸ் உங்கமேல இல்ல, பணத்து மேல. கேஸ் பேரே "அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் 124,700 டாலர் ரொக்கம்"னு இருக்கும், நான் காமெடி பண்ணல, 2006ல எட்டாவது சர்க்யூட்ங்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட் தீர்ப்பு குடுத்த நிஜக் கேஸ். பணம் இருந்த கார்ல போதைப்பொருள் ஒண்ணும் கிடைக்கல, ஆனாலும் பணம் கவர்மென்ட்டுக்குன்னு முடிஞ்சுது. பணத்துக்கு ஏது வக்கீல் வைக்கிற உரிமை? உங்களுக்கும் இலவச வக்கீல் கிடைக்காது, குடியிருக்கற வீட்டயே எடுத்தாதான் அதுவும்.

ஸ்ட்ரக்சரிங்னு சொல்லி ஐஆர்எஸ், அதாவது வரித்துறை, இந்தப் பறிமுதல சின்னக் கடைக்காரங்க மேல பாய்ச்சுச்சு. அயோவால ஒரு அம்மா பல வருஷமா கேஷ் மட்டும் வாங்கி மெக்சிகன் சாப்பாட்டுக் கடை நடத்துனவங்க, 2013ல அவங்க அக்கவுன்ட்ல இருந்த கிட்டத்தட்ட 33,000 டாலர ஐஆர்எஸ்காரங்க அப்படியே வழிச்சுட்டாங்க. அவங்கமேல ஒரு கிரிமினல் கேஸ் கூடக் கிடையாது. லாங் ஐலண்ட்ல மிட்டாய், சிகரெட் சப்ளை பண்ற அண்ணன் தம்பிங்களோட 4 லட்சத்து 46 ஆயிரம் டாலர எடுத்து ரெண்டரை வருஷத்துக்கு மேல வச்சிருந்து 2015ல குடுத்தாங்க. அந்த ரெண்டரை வருஷம் சரக்குக் கடனுக்கு எப்படி ஓடிருப்பாங்கன்னு கடை நடத்துறவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் 2017ல கருவூலத்தோட சொந்த இன்ஸ்பெக்டர் ஜெனரலே 278 கேஸ எடுத்துப் பாத்து, அதுல 91 சதவீதம் சட்டப்படி சம்பாதிச்ச பணம்னு ரிப்போர்ட் குடுத்தாரு.

அதுக்கப்புறம் 2019ல சட்டம் கொஞ்சம் மாறுச்சு. பணம் தப்பான வழில வந்ததுன்னோ, வேற குத்தத்த மறைக்கப் பிரிச்சாங்கன்னோ காரணம் இல்லாம ஐஆர்எஸ் எடுக்கக்கூடாது. "அப்ப இனிமே கவலை இல்லியே மேடம்"னு உடனே ஒருத்தர் கேட்டாரு. அய்யா, அது ஐஆர்எஸ்ஸோட பறிமுதலுக்கு மட்டும் போட்ட கடிவாளம். பிரிச்சுப் போடுறது இன்னமும் குத்தம்தான்.

அதனால ஒழுங்கா கேளுங்க. கடைல என்ன கேஷ் வந்துச்சோ அத அன்னன்னைக்கோ வாரத்துக்கு ஒருதரமோ, உங்க வழக்கம் எதுவோ அதுப்படி முழுசா போடுங்க, 8,000னா 8,000, 14,000னா 14,000. சின்ன டெபாசிட் தப்பே இல்ல, ஃபார்முக்காகச் சின்னதாக்குறதுதான் தப்பு. கேஷ் ரெஜிஸ்டர் டேப்ப குப்பையில போடாதீங்க. ஒரே நாள்ல மூணு கிளைக்குப் போனா தெரியாதுன்னு நெனைக்காதீங்க, பேங்க் கூட்டிக்கும். யாராச்சும் ஏஜென்ட் வந்து கதவத் தட்டுனா காபி போட்டுக் குடுத்து எல்லாத்தையும் ஒப்பிக்காதீங்க, "வக்கீல் பேசுவாரு"ன்னு மட்டும் சொல்லுங்க. பறிமுதல் நோட்டீஸ் வந்தா பிரிக்காம மைக்ரோவேவ் மேல வைக்காதீங்க. பெரும்பாலும் லெட்டர் அனுப்புன தேதிலேந்து 35 நாள்தான், தவறுனா ஜட்ஜ் மொகத்தப் பாக்காமலே பணம் போயிரும். அதுல பெட்டிஷன்னு ஒண்ணு, க்ளெய்ம்னு ஒண்ணு இருக்கும். பெட்டிஷன் மட்டும் போட்டா பணத்த எடுத்த ஏஜென்சியே முடிவு பண்ணும், க்ளெய்ம் போட்டாதான் கோர்ட்டுக்குப் போகும். தெரியாம பெட்டிஷன டிக் பண்ணிட்டு அப்புறமா என்கிட்ட வந்தவங்க உண்டு, என்னத்தச் சொல்ல.

இன்னொண்ணு, சொல்லவே சங்கடமா இருக்கு. கிரிமினல் விஷயத்துல என்கிட்ட சொல்றது ரகசியம் ஆகாது. நான் சிபிஏ, கோர்ட் கூப்பிட்டா நான் பதில் சொல்லியாகணும். அதனால ஏன் பிரிச்சுப் போட்டேன்ங்கற கதைய எனக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பாதீங்க, தயவுசெஞ்சு, வக்கீல்கிட்ட சொல்லுங்க.

மளிகைக்கடைக்காரர் சனிக்கிழமை திரும்பப் பேசுனாரு. அந்த வாரத்துக் கேஷ் 11,700, வீட்ல இருந்த மூவாயிரத்தையும் சேத்து முழுசா போட்டுட்டாராம், லைசென்ஸ் கேட்டுச்சாம் அந்தப் பொண்ணு, ரெண்டு நிமிஷம்கூட ஆகலியாம். "இவ்ளோதானாக்கா?"ன்னாரு. இது இவ்ளோதான், ஆனா அந்த நாலு மாசத்து ஸ்லிப்பு இருக்கேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. செவ்வாய்க்கிழமை வக்கீலப் பாக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் குடுத்திருக்கேன்.