அளவிடல் வேறு, அளவேற்றம் வேறு

நிரலாக்கக் கருவிகளைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் "அளவிடலை 150 சதவீதமாக மாற்றவும்" என்ற மாதிரி வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. பிக்சல்கள் நெருக்கமாக அமைந்த 4கே திரையைப் புதிதாக வாங்கியவருக்கு, நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் செயலியின் பொத்தான்கள் கடுகளவில் தெரிகின்றன. தீர்வு தேடி வருகிறவரிடம் அளவிடலை மாற்றச் சொன்னால் அவர் எதை அளப்பார்? திரையில் தெரிபவற்றை விகிதம் கெடாமல் பெரிதாக்கும் ஸ்கேலிங் என்பதற்கு அளவிடல் என்று எழுதுவது தவறு. வேறொரு வேலையின் பெயரைக் கொண்டுவந்து இதற்குச் சூட்டுகிற தவறு.

ஸ்கேல், லத்தீன் 'ஸ்காலா'விலிருந்து வந்தது. ஏணி என்று பொருள். ஏணிப்படி போலக் கோடு போட்ட அளவுகோலுக்கும், வரைபடத்தின் விகிதத்துக்கும், கடைசியில் விகிதம் கெடாமல் ஒன்றைப் பெரிதாக்குவதற்கும் அதுவே பெயராயிற்று. தராசுத் தட்டுக்கும் மீன் செதிலுக்கும் ஆங்கிலத்தில் இதே ஒலிதான் என்றாலும் அவற்றின் மூலம் வேறு. அவை இங்கே வேண்டாம்.

அளவிடுதல் என்றால் அளந்து சொல்வது. நிலத்தை அளவிட்டால் நிலம் மாறாது, காய்ச்சலை அளவிட்டால் காய்ச்சல் குறையாது. ஸ்கேலிங்கில் மாறுவதுதான் வேலையே. இரண்டும் கணினியில் அடுத்தடுத்து நடப்பதால் குழப்பம் இன்னும் பெரிதாகிறது. விண்டோஸ், அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பதை 100 சதவீதமாக வைத்திருக்கிறது. 144 என்றால் 150 சதவீதம், 192 என்றால் 200. திரையின் அடர்த்தியை அறிவது அளவிடல். அதற்கேற்ப எழுத்தையும் படவுருவையும் பெரிதாக வரைவது அடுத்த வேலை.

கோளாறுகளைப் பார்த்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒரு கருவி, "அடர்த்தி எனக்குத் தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று விண்டோஸிடம் சொல்லிவிடுகிறது. ஆனால் 16 பிக்சல் படவுருவை 16 பிக்சலாகவே வரைகிறது. 96 அடர்த்தியில் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருந்த படம், 192 அடர்த்தியில் இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இன்னொரு கருவிக்கு அடர்த்தியே தெரியாது. ஆகவே விண்டோஸ் அதன் சாளரத்தை ஒரு படம் போல இழுத்துப் பெரிதாக்குகிறது. ஒரு பிக்சல் கோடு 150 சதவீதத்தில் ஒன்றரைப் பிக்சலாக வேண்டும், அரைப் பிக்சல் என்று ஒன்று திரையில் கிடையாது. அதனால் கோடு பக்கத்துப் பிக்சலில் சாம்பலாகக் கசிகிறது, எழுத்துகள் மங்குகின்றன. முதல் கருவியில் அளவிடல் நடந்தது, பெரிதாக்கல் நடக்கவில்லை. இரண்டாவதில் அப்படியே நேர்மாறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் எந்தக் கோளாறு என்று தமிழில் சொல்லவே வழியில்லாமல் போகும்.

உருப்பெருக்கம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது ஜூமுக்கு உரியது. 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' என்ற நிரல் எழுதும் செயலியில் கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியைத் தட்டினால் நடப்பது உருப்பெருக்கம்: பயனர் விரும்பினார், பெரிதாயிற்று. ஸ்கேலிங், திரையின் அடர்த்தியை ஈடுகட்டுவதற்காக நடப்பது. அளவு மாற்றம் என்பதும் சரிவராது. சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுப்பதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது, அதில் விகிதம் காக்கப்பட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நான் எழுதுவது அளவேற்றம். பதிவேற்றம், பதிவிறக்கம் என்று ஏற்கெனவே பழகிய சோடி இருக்கிறது. அதே வார்ப்பில் அளவேற்றம், அளவிறக்கம். ஏணியில் பிறந்த சொல்லுக்கு ஏற்றம் பொருத்தமும்கூட. தமிழுக்கும் இது புதிய சிந்தனை இல்லை. தனக்குரிய மாத்திரையைத் தாண்டி நீண்டு ஒலிக்கும் எழுத்தின் நிலையை அளபெடை என்றார்கள் இலக்கணக்காரர்கள். அளபு எடுத்தல், அவ்வளவுதான். அளவு கூடுவதைச் சொல்ல அவர்கள் 'இடு' என்ற வினையைத் தேடிப் போகவில்லை.

இந்தச் சொல் கைக்கு வந்துவிட்டால் மற்றவை தாமாக அமைகின்றன. 150 சதவீதம் என்பது அளவேற்ற விகிதம். எக்லிப்ஸின் ஆட்டோஸ்கேல் அமைப்பில் இருப்பவை முழுமடங்கு (100, 200 என), கால்மடங்கு (25 சதவீதப் படிகளாக), துல்லியம் ஆகிய அளவேற்ற வகைகள். 150 சதவீதத் திரையில் முழுமடங்கு சரியாகப் பொருந்தாது, கால்மடங்கு பொருந்தும் என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். ஜாவா நிரல்மொழியின் 9ஆம் பதிப்பு, விண்டோஸிலும் லினக்ஸிலும் அளவேற்றத்தைத் தானே செய்யத் தொடங்கியது என்றால் யாருக்கும் புரியும். அளவிடலைச் செய்யத் தொடங்கியது என்று எழுதிப் பாருங்கள், அதற்கு முன் ஜாவா எதையுமே அளந்ததில்லை என்றாகிவிடும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். திரையில் அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று ஒருமுறை சொடுக்கிப் பார்த்திருந்தால் விண்டோஸின் 'ஓவர்ரைடு ஹை டிபிஐ ஸ்கேலிங்' என்ற வரியை (டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) "உயர் டிபிஐ அளவிடலை மேலெழுது" என்று எழுதியிருக்க மாட்டார்கள். மேலெழுதுவது என்றால் பழைய கோப்பை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதுவது. இங்கே எதுவும் அழிவதில்லை. செயலியின் பண்புகளில் பொருந்துதன்மைப் பகுதிக்குள் இருக்கும் அந்தப் பெட்டி கேட்பது ஒன்றே ஒன்று: அளவேற்றத்தைச் செயலி செய்யட்டுமா, விண்டோஸ் செய்யட்டுமா? அதை அப்படியே தமிழில் கேட்டிருக்கலாம்.