தசைக்குக் கடிவாளம் இல்லாத மாடு

கிறிஸ்துமஸ் நெருங்கும் டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்பே கர்ரு ஊருக்குள் எருதுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். வடமேற்கு இத்தாலியின் பீட்மோண்ட் பகுதியில், கூனியோ மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. 1910-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த விழாவுக்குப் பெயரே ‘கொழுத்த எருது விழா’. வெண்சாம்பல் நிறம், கரிய மூக்கு, ஆயிரம் கிலோவைத் தாண்டும் உடல். குளிரில் மூச்சு ஆவியாகப் பறக்க, கயிற்றுக்கு அடங்கி மெல்ல நடந்து வரும். வெற்றி பெற்ற எருதின் முதுகில் விழாப் போர்வையைப் போர்த்துவார்கள். கூடியிருப்பவர்களுக்கோ காலை உணவே வேகவைத்த மாட்டிறைச்சிதான்.

இங்கே மாட்டை மதிப்பிடத் தெரிந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நிற்பார்கள். பின்னந்தொடை உருண்டு திரண்டு, ஒரு தசைக்கும் அடுத்த தசைக்கும் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். தோல் மெல்லியது, அதன் அடியில் கொழுப்பும் குறைவு. அதனால் மாடு ஓர் அடி எடுத்து வைத்தால் எந்தத் தசை சுருங்குகிறது, எது தளர்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். கால் எலும்பு மட்டும் அந்த உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு ஒல்லியாக இருக்கும்.

இதுதான் பீட்மோண்ட் மாடு. ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு, வாக்யு என்று உலகமே உச்சரிக்கும் பெயர்களுக்கு நடுவில் இதன் பெயர் பலர் காதில் விழுந்திருக்காது. எனக்கு அது ஆதங்கமாகவே இருக்கிறது. கண்காட்சித் திடலில் நடுவர் பார்ப்பதும், கறிக்கடைக்காரர் கத்தி வைத்தபின் காண்பதும் இந்த அளவுக்கு ஒத்துப்போகும் மாட்டினங்கள் மிகச் சில. இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணுவில் நேர்ந்த ஒரே ஓர் எழுத்து மாற்றம்.

பீட்மோண்ட் மாடுகள் ஒரு காலத்தில் ஏர் இழுத்தன, பால் கொடுத்தன, கடைசியில் இறைச்சியும் ஆயின. காஸ்டெல்மாக்னோ போன்ற அப்பகுதிப் பாலாடைக்கட்டிகள் இந்தப் பசுக்களின் பாலில் வளர்ந்தவை. 1886-இல் ஆல்பா நகரத்துக்கு அருகிலுள்ள குவாரேனேயில் ஒரு காளை கவனத்துக்கு வந்தது. அதன் தொடையும் புட்டமும் அளவுக்கு மீறிப் பருத்திருந்தன. அதைப் போன்ற கன்றுகளுக்கு ஊரார் ‘தொடைக் கன்று’ என்றே பெயர் வைத்தார்கள். இந்த மாட்டுக்கும் அதன் கறிக்கும் இன்று உணவகங்களில் வழங்கும் ‘ஃபாசோனே’ என்ற சொல்லும் நல்ல உடல்வாகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். மரபணு என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில், எந்தக் காளையின் கன்றுகளுக்குத் தொடை திரளுகிறது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து, அந்தக் காளையையே பொலிக்கு விட்டார்கள் அந்த விவசாயிகள்.

தொடை ஏன் இப்படிப் பருக்கிறது என்பதற்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்ட்ரா மெக்ஃபெரனும் செ-ஜின் லீயும் சுண்டெலிகளில் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள். அந்த எலிகளின் தசைகள் சாதாரண எலிகளுடையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு எடையுடன் வளர்ந்தன. அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு மயோஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். அந்த ஆய்வு வெளிவந்த 1997-ஆம் ஆண்டிலேயே பெல்ஜியம், நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் தொடை பருத்த மாடுகளிலும் அதே மரபணுவில் பழுது இருப்பதைக் காட்டினார்கள்.

மயோஸ்டாட்டினைக் கடிவாளம் என்று சொல்லலாம். அதைச் சுரப்பதும் தசைதான், அதற்குக் கட்டுப்படுவதும் தசைதான். தாய் வயிற்றில் கன்று உருவாகும்போது தசையாக மாறப்போகும் செல்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும். சுரந்த மயோஸ்டாட்டின் அந்தச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் போய்ப் பொருந்தி, ‘பெருகியது போதும்’ என்று உணர்த்தும். தசை கூடக் கூட இந்தச் செய்தியும் வலுக்கும். ஒவ்வொரு விலங்கும் தன் அளவோடு நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் புரதம் வேலை செய்ய வேண்டுமானால் அது சரியான வடிவத்தில் மடிந்திருக்க வேண்டும். அதில் சில இடங்களில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. சிஸ்டீனில் கந்தகம் உண்டு. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தால் கைகோத்துப் புரதத்தை முடிச்சுப் போட்டதுபோல் இறுக்கிப் பிடிக்கும். பீட்மோண்ட் மாட்டில் 313-ஆவது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதிலாக டைரோசின் உட்கார்ந்திருக்கிறது. டி.என்.ஏ.யில் குவானின் என்ற எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில் அடினின் என்ற எழுத்து வந்துவிட்டது, அவ்வளவுதான் மாற்றம். டைரோசினுக்குக் கந்தகம் கிடையாது. முடிச்சு விழவில்லை. புரதம் உருவாகிறது, ஆனால் அதற்கு வேலை செய்யத் தெரியவில்லை. தொடை பருத்த இன்னொரு இனமான பெல்ஜியன் புளூ மாட்டில் இதே மரபணு வேறு விதமாகப் பழுதானது: 11 எழுத்துகள் அடியோடு காணாமல் போய், புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கடிவாளம் தளர்ந்ததும் தசை நார்களின் எண்ணிக்கை கூடுகிறது. இந்த எண்ணிக்கை பெரும்பாலும் கருவிலேயே முடிவாகிவிடும். பிறந்தபின் நடப்பது, இருக்கும் நார்கள் தடிப்பதுதான். தீவனத்தை எவ்வளவு கொட்டினாலும் வேறு மாட்டில் இந்தத் தொடையை வரவழைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

கறியின் தரத்துக்கு வருவோம். மாட்டிறைச்சி மெத்தென்று இருக்க வேண்டுமானால் தசைக்குள் கொழுப்பு வெள்ளை வெள்ளையாக ஓடியிருக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவில் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிப்பதிலும் அந்தக் கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. சாற்றுக்கும் சுவைக்கும் கொழுப்பு உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பல்லுக்கு எதிர்ப்புக் காட்டுவது முதன்மையாக வேறொன்று: தசை நார்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றிப் பிடித்திருக்கும் சவ்வு. அந்தச் சவ்வின் மூலப்பொருள் கொலாஜன். வயதாக ஆகக் கொலாஜன் இழைகளுக்குள் பிணைப்புகள் கூடி, கறி சவசவவென்று இழுக்கும்.

பீட்மோண்ட் மாட்டில் நார்கள் அதிகம், அவற்றைக் கட்டும் சவ்வு குறைவு. கொழுப்பும் குறைவு. ஆகவே கொழுப்பில்லாமலேயே கறி மிருதுவாக இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டரில் உள்ள இறைச்சிக் கால்நடை ஆராய்ச்சி மையம், தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என வரும் இந்த மரபணுவின் பிரதிகளில் பழுதானது ஒன்றும் இல்லாத, ஒன்று உள்ள, இரண்டும் உள்ள மாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. பிரதி கூடக் கூட விற்கத் தகுந்த கறி கூடியது, உட்கொழுப்பு குறைந்தது. மென்மை குறையவில்லை, இரண்டு பிரதியும் உள்ளவற்றில் பல தசைகள் கூடுதல் மென்மையாகவே இருந்தன. கொழுப்பை வைத்தே தரம் பிரிக்கும் அளவுகோல் இந்த மாட்டுக்கு நியாயம் செய்யவில்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் முறை வேறு. அங்கே உடல்வாகுக்கு ஒரு மதிப்பெண், கொழுப்புக்கு வேறொரு மதிப்பெண். உடல்வாகு வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே ‘எஸ்’ என்று ஒரு வகுப்பு உண்டு; அது இப்படிப்பட்ட இரட்டைத் தசை மாடுகளுக்கென்றே உள்ளது.

உயிருள்ள மாட்டின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரித்த உடலாகத் தேறுகிறது. தோல் மெலிது, எலும்பு மெலிது, வயிற்றுறுப்புகள் சிறியவை என்பதால் கழிவு குறைவு. விலை உயர்ந்த பின்பகுதியில்தான் தசை அதிகம் திரள்கிறது என்பது கறிக்கடைக்காரருக்கு மேலும் ஓர் ஆதாயம்.

ஆல்பா பகுதியில் இந்தக் கறியின் மென்மையை நெருப்பே இல்லாமல் காட்டுகிறார்கள். தொடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இயந்திரத்தில் அரைக்காமல் கத்தியாலேயே பொடிப்பொடியாகக் கொத்தி, உப்பும் ஆலிவ் எண்ணெயும் சில துளி எலுமிச்சையும் சேர்த்துப் பச்சையாகவே பரிமாறுவார்கள். தட்டில் அது வெளிர் சிவப்பாக இருக்கும். வேகமாகச் சுருங்கும் வெள்ளை நார்கள் இந்த மாட்டில் அதிகம். அவற்றில் செந்நிறம் தரும் மயோகுளோபின் குறைவு. நிறம் வெளிறியிருப்பது இளமையின் அடையாளம் மட்டும் அன்று, நார்களின் வகையும் அதில் தெரிகிறது. அடுப்பில் ஏற்றுவதானால் சீக்கிரம் இறக்கிவிட வேண்டும். கொழுப்பு குறைந்த கறி விரைவில் சூடேறி, கொஞ்சம் அசந்தாலும் வறண்டுவிடும்.

கர்ரு திடலின் எருது மட்டும் இதிலிருந்து மாறுபட்டது. காயடித்து, நான்கு வயதுக்கு மேல் வளர்த்த விலங்கு அது. ஆண் ஹார்மோன் இல்லாததாலும் வயது கூடியதாலும் அதன் உடலில் கொழுப்பு படிகிறது. அதை மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். வெந்நீரில் கொலாஜன் கரைந்து ஊன்பசையாகி, கறியைப் பதமாக்கிவிடுகிறது. இளங்கன்றை வேகாமலும், முதிர்ந்த எருதை நெடுநேரம் வேகவைத்தும் உண்ணும் அந்த ஊர்ச் சமையலில் விலங்கியல் அறிவு நிறையவே இருக்கிறது.

இவ்வளவு தசைக்கு விலை உண்டு. தசையின் அளவோடு ஒப்பிட்டால் இதயமும் நுரையீரலும் சிறியவை. வெள்ளை நார்கள் விரைவில் களைத்துப்போகும். கடும் வெயிலும் நெடுந்தூர நடையும் இவற்றுக்கு ஆகாது. நாக்கு பருத்துத் தாய்மடியில் பால் குடிக்க முடியாத கன்றுகளும், மூட்டு மடங்கிப் பிறக்கும் கன்றுகளும் இந்த இனத்தின் பழைய துயரங்கள். எல்லாவற்றிலும் பெரியது ஈற்று. பெல்ஜியன் புளூவில் பெரும்பாலான கன்றுகளை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கிறார்கள். ஒரு விலங்கினத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோனதை என்னால் வெற்றியாகக் கருத முடியவில்லை.

பீட்மோண்டில் வேறு வழியில் போனார்கள். கர்ருவில் இயங்கும் தேசியப் பீட்மோண்ட் மாடு வளர்ப்போர் சங்கம் பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும்போது தசையை மட்டும் எடைபோடுவதில்லை. அதன் கன்றுகள் எளிதாகப் பிறக்கின்றனவா, அதன் மகள்கள் எளிதாக ஈனுகின்றனவா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கணக்கில் எடுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது கன்றின் பருமனைப் பற்றியது; இரண்டாவது தாயின் இடுப்பெலும்பைப் பற்றியது. மெல்லிய கன்று போடும் காளையின் மகளுக்கு இடுப்பும் குறுகலாக அமைந்துவிட்டால், அடுத்த தலைமுறையில் சிக்கல் திரும்பி வரும்.

இன்று பீட்மோண்ட் கன்று பிறக்கும்போது பார்த்தால் அதன் எதிர்காலம் தெரியாது. நார்களின் எண்ணிக்கை உள்ளே முடிவாகியிருந்தாலும் அவை இன்னும் தடிக்கவில்லை. உடல் ஒடிசலாக, கால் நீண்டு இருக்கும். நிறமும் வெள்ளை அன்று, கோதுமையின் பழுப்பு. நம் காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து மாதங்கள் போகப் போகச் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பழுப்பு வெளுக்கும் முன்பே, பால் குடித்துத் திரியும் அந்தச் சில வாரங்களிலேயே தொடை திரளத் தொடங்கிவிடும். விவசாயி தொழுவத்தில் கன்றின் பின்பக்கம் போய் நின்று பார்ப்பது அப்போதுதான்.