டாஸ்: கருவித்துணை விரைவாட்டம்

கல்முனையில் தங்கச்சியின் மகன் போனில் ஒரு மாரியோ வீடியோவைக் காட்டினான். மாரியோ எங்கும் நிற்கவில்லை; குழி, ஆமை, குண்டு எல்லாவற்றையும் மயிரிழையில் தாண்டிப் போகிறான். “மாமா, இவன் அளாப்புறான்தானே?” என்று கேட்டான். தலைப்பிலேயே ‘டாஸ்’ என்று போட்டிருந்தது.

டூல் அசிஸ்டட் ஸ்பீட்ரன் என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்தான் டாஸ். ஒரு கேமை ஆகக் குறைந்த நேரத்தில் ஆடி முடிப்பது ஸ்பீட்ரன். அதையே எமுலேட்டரில், அதாவது பழைய கேம் இயந்திரத்தைப்போல் கணினியை நடக்கவைக்கும் மென்பொருளில் வைத்து, ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி, பிழைத்தால் பின்னுக்குப் போய்த் திருத்தி முடித்தால் டாஸ். 1999 அளவில் டூம் என்ற கணினி கேமை ஆடியவர்களிடையே பிறந்த பெயர் இது. டூமின் மூலநிரல் 1997இல் வெளியானதால், அதை மாற்றி, ஆட்டத்தை மெதுவாக ஓடவிட்டுப் பதிய முடிந்தது. 2003இல் ஜப்பானியர் ஒருவர் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3ஐ ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடித்த வீடியோ உலகம் சுற்றியது. நேரடியாக ஆடியது என்று நம்பிய பலர், செய்முறை தெரிந்ததும் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்கு மருந்து பெயர்தான். அளாப்புபவன் மறைப்பான், டாஸ் செய்பவர் செய்முறையைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்.

மருமகனுக்கு ஒரேயொரு பாய்ச்சலை விளக்கினேன். அந்தப் பழைய கேமில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 60 சட்டகங்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள். டாஸ் செய்பவர் ஒரு சட்டகத்தில் பாயும் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார், ஆமை இடிக்கிறது. சேமித்த நிலைக்குத் திரும்பி, ஒரு சட்டகம் பிந்தி அழுத்துகிறார்; தப்பிவிட்டது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை. கடைசியில் மிஞ்சுவது எந்தச் சட்டகத்தில் எந்தப் பொத்தான் என்ற பட்டியல் மட்டுமே. எமுலேட்டர் அதை முதலிலிருந்து ஓட்டும். ஒரு வரி இடம் மாறினாலும் மாரியோ குழிக்குள் விழக்கூடும்.

பக்கத்து மருதமுனையில் தறியடியில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊடிழை ஒன்று தப்பினால் அந்த இடம்வரை பிரித்து மீண்டும் நெய்வார்கள். அவ்வளவு பெரிய மரக்கருவி இருந்தும் அதன் பெயர் கைத்தறி. கைதான் முன்னுக்கு நிற்கிறது.

தமிழில் ‘கருவி உதவி வேக ஓட்டம்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால், யாரோ மைதானத்தில் ஓடுவதுபோல் இருக்கும். ‘தானியங்கி ஆட்டம்’ என்பது முழுப்பிழை. எந்தப் பொத்தான், எப்போது என்று தீர்மானிப்பவர் மனிதர். என் தெரிவு கருவித்துணை விரைவாட்டம். வழித்துணைக்கு வருபவர் நமக்காக நடப்பதில்லை, கூட வருகிறார். ‘துணை’யில் அந்தப் பொருள் இருக்கிறது. வேகம் நோக்கமில்லாமல் வித்தை காட்டவே செய்யும்போது டாஸின் கடைசி எழுத்தை சூப்பர்பிளே என்று விரிப்பார்கள். அதற்கு வித்தையாட்டம் பொருந்தும்.

வாக்கியத்தில்: “அண்ணா கையால் ஆடி முடித்தது விரைவாட்டம், நேற்றுப் போனில் பார்த்தது கருவித்துணை விரைவாட்டம், இரண்டு நேரத்தையும் ஒரே பட்டியலில் எழுதாதே.”