லாக்: பூட்டா, மரக்கட்டையா?

"லாக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றேன். மாமா எழுந்து போய் மோட்டார் அறைக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, "நன்றாகத்தான் பூட்டியிருக்கிறது, மாப்பிள்ளை" என்றார்.

பாம்பனில் என் தாய்மாமாவின் வீடு. வல்லம் என்ற மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். போன வருடம் அந்த வீட்டின் தண்ணீர் மோட்டார், வாசல் விளக்கு, மாடித் தொட்டியின் மட்டம் ஆகியவற்றை ஒரு சின்னக் கணினியோடு இணைத்து, ஓபன்ஹாப் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் தொட்டி நிறைந்து, சுவரோரம் ஓடை போலத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. மோட்டாரை யார் போட்டது என்ற விசாரணையில்தான் நான் "லாக்" என்றேன்.

பூட்டுக்கும் லாக் என்றே எழுதுகிறோம், கணினி எழுதி வைக்கும் குறிப்புக்கும் லாக் என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு, ஒலியும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. போதாததற்குக் கணக்குப் பாடத்திலும் ஒரு லாக் உண்டு. அதற்கு மடக்கை என்ற நல்ல சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டதால் குழப்பம் இல்லை. அந்த லாக், 1614-இல் ஜான் நேப்பியர் கிரேக்கச் சொற்களைக் கோத்து உண்டாக்கிய 'லாகரிதம்' என்பதன் தலைப்பகுதி. நம் லாக்குக்கும் அதற்கும் உறவு கிடையாது.

நம் லாக் கடலில் பிறந்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு முதற்பொருள் வெட்டிச் சாய்த்த மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க ஒரு வழி இருந்தது. கால்வட்ட வடிவில் ஒரு பலகை. அதன் வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள், தண்ணீரில் நிமிர்ந்து நிற்பதற்காக. அதைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறம் எறிவார்கள். பலகை விழுந்த இடத்திலேயே நிற்க, கப்பல் விலகிப் போகப் போகக் கயிறு ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே போனது என்று எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், என்ற வேகத்துக்கு 'நாட்' என்று பெயர் வந்ததும் இந்த முடிச்சால்தான். இங்கிலாந்தின் வில்லியம் பார்ன் இந்த முறையை 1574-இல் எழுதி வைத்திருக்கிறார்.

கட்டையை எறிந்து கிடைத்த கணக்கை எழுதிய புத்தகம் 'கட்டைப் புத்தகம்' ஆயிற்று. வேகத்தோடு காற்று, திசை, நடந்த சம்பவம் எல்லாம் அதில் ஏறின. பிறகு புத்தகமும் உதிர்ந்து கட்டை மட்டும் பெயராக நின்றது. கணினி வந்தபோது, நேரத்தோடு வரிசையாக எழுதப்படும் எந்தக் குறிப்புக்கும் அதே பெயர். லினக்ஸ் போட்ட கணினியில் அந்தக் குறிப்புகள் வழக்கமாக இருக்கும் அடைவுக்குப் பெயரே லாக்தான். 'லாக் இன்' என்பதும் அந்த ஏட்டில் பெயரை ஏற்றிக்கொள்வதுதான்.

இதையெல்லாம் கேட்ட மாமா சொன்னார்: "அவன் மரத்தை எறிந்து கணக்குப் பார்த்திருக்கிறான். நாம் மரத்தைக் கட்டி அதன் மேலேயே ஏறிப் போயிருக்கிறோம்." கட்டுமரம் 'கட்டமரான்' ஆகி ஆங்கிலத்துக்குப் போனதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனித் தமிழ்ச் சொல். 'பதிவு' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். பதிதல் என்றால் அழுந்தி நிற்பது. ஈர மணலில் கால் பதிவது. அழகான வேர். ஆனால் இன்று அந்த ஒரு சொல்லின் தலையில் எத்தனை சுமை! பத்திரம் பதிவு, திருமணம் பதிவு, டிக்கெட் முன்பதிவு, வாக்குப்பதிவு, ஒலிப்பதிவு, முகநூலில் போடுவதும் பதிவு. மென்பொருள் திரையில் 'பதிவு' என்ற பொத்தானைப் பார்த்தால், பெயரைப் பதிய வேண்டுமா, நடந்ததைப் படிக்க வேண்டுமா என்று தெரியாமல் விரல் தயங்குகிறது. 'பதிகை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது எனக்குப் 'பதிகம்' போலக் காதில் விழுகிறது. 'நாளேடு' பொருத்தமாக இருந்திருக்கும், செய்தித்தாள் முந்திக்கொண்டது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதி வந்த நாட்குறிப்புக்குத் 'தினப்படிச் சேதிக் குறிப்பு' என்று பெயர். கப்பல் வந்தது, போனது எல்லாம் நாள்வாரியாக அதில் இருக்கும். தமிழில் எழுதப்பட்ட முதல்தரமான லாக் என்று அதைச் சொல்வேன். பெயர்தான் ஒரு பொத்தானுக்குள் அடங்காது. 'நிகழ்வேடு' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நடந்தவை என்பதும் வரிசையாக எழுதியவை என்பதும் அதற்குள் இருக்கின்றன.

ஓபன்ஹாப் இரண்டு ஏடுகள் எழுதுகிறது. ஒன்றில் மென்பொருளின் உடல்நலம்: எது தொடங்கியது, எது பிழையானது. மற்றொன்றில் வீட்டின் நடப்பு: எந்தப் பொருள் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறியது. எங்கள் வழக்குக்கு இரண்டாவதுதான் சாட்சி. அதில் அதிகாலை 2:14:07-க்கு ஒரு வரி: மோட்டார், நிறுத்தத்திலிருந்து ஓட்டத்துக்கு மாறியது. அதற்குச் சற்று மேலே, எல்லாக் கருவிகளும் தொடர்பறுந்து மீண்டும் வந்த வரிகள். கரண்ட் போய் வந்திருக்கிறது. கணினிக்கு மட்டும் பேட்டரித் துணை இருந்ததால் அது விழித்திருந்து எழுதியிருக்கிறது. இத்தகைய சுவிட்சுகளில், மின்சாரம் திரும்பும்போது எந்த நிலையில் எழ வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு: நிறுத்தம், ஓட்டம், அல்லது முன்பிருந்த நிலை. மோட்டார் சுவிட்சில் அது 'ஓட்டம்' என்று இருந்தது. மாற்ற மறந்தவன் நான். மாமா பெருந்தன்மையாகப் பேச்சை மாற்றினார்.

அடுத்த சொல்லான 'பேக்கப்' என்னை இன்னும் மோசமாக மாட்டிவிட்டது. ஆங்கிலத்தில் அது முதுகுப்புறம் நின்று தாங்குவது. ஏடு நடந்ததைச் சொல்லும். இழந்ததைத் திருப்பித் தராது. திருப்பித் தருவது பேக்கப். ஓபன்ஹாப்பில் ஒரே கட்டளையில் அமைவுகள் எல்லாவற்றையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டி வைக்கலாம். இதே வேலை செய்யும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளில் முன்பு இதற்கு 'ஸ்னாப்ஷாட்' என்று பெயர். 2021-இல் அவர்களே பேக்கப் என்று மாற்றிக்கொண்டார்கள். நானும் தவறாமல் கட்டி வைத்தேன், அந்தக் கணினியின் நினைவக அட்டையிலேயே. கடற்காற்றோ, ஓயாமல் எழுதியதோ, வாடைக்காலம் முடியும் முன் அட்டை செத்தது. மூலமும் போயிற்று, துணையும் போயிற்று.

"மாற்று வலையையும் அதே வல்லத்தில்தான் போட்டு வைத்திருந்தாயா?" என்றார் மாமா.

கைப்பேசித் திரைகளில் 'காப்புப் பிரதி' என்று வருகிறது. தவறில்லை. ஆனால் 'படி' என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது பிரதி எதற்கு? கையெழுத்துப்படி, மூலப்படி என்று இன்றும் சொல்கிறோம். ஓலை செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுதுவதற்குப் படியெடுத்தல் என்று பெயர். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த இராமநாதபுரச் சீமைக்காரர். அத்தகைய ஏடுகளைத் தேடிச் சேர்ப்பது அச்சங்கத்தின் வேலைகளில் ஒன்று. படியெடுக்காத ஓலைக்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

காப்புக்குப் பொருள் பல: காவல், கைவளை, நூலின் தொடக்கத்தில் வரும் கடவுள் வாழ்த்து, திருவிழாவுக்குக் கையில் கட்டும் மஞ்சள் கயிறு. எங்கள் பக்கம் முளைப்பாரித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரெல்லையைத் தாண்டக்கூடாது என்பார்கள். காப்புப்படிக்கு விதி நேர்மாறு. அது வீட்டு எல்லையைத் தாண்டியே ஆக வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் ஒரே இரவில் அழித்ததைக் கேட்டு வளர்ந்த நான், எல்லாப் படிகளையும் ஒரு நகத்தளவு அட்டையில் வைத்திருந்தேன்.

இப்போது வாரம் ஒரு படி இராமநாதபுரத்தில் என் மடிக்கணினிக்கு வந்துவிடுகிறது. 'கான்ஃபிகரேஷன்' என்பதற்கு 'அமைவு' போதும், அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை; ஆகவே அந்தக் கோப்புக்கு 'அமைவுக் காப்புப்படி' என்று பெயர். நிகழ்வேட்டில் மட்டும் ஒரு சிக்கல் பாக்கி. அட்டை தேயாமலிருக்க ஏட்டைத் தற்காலிக நினைவகத்தில் எழுத வைக்கலாம். ஆனால் பேட்டரியும் தீர்ந்து கணினி அணைந்தால் ஏடும் அழியும். எந்த இரவில் சாட்சி தேவையோ அந்த இரவில் சாட்சி இருக்காது. அட்டை தேய்ந்தால் தேயட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமாவிடம் ஒரு நோட்டு உண்டு. தேதி, காற்று கச்சானா கொண்டலா, எத்தனை பாகம் ஆழம், காரல் மீன் எவ்வளவு, டீசல் எவ்வளவு. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் கணக்கு. என் 'நிகழ்வேடு' அவர் வாயில் முழுதாக நுழையவில்லை. போன வாரம் போனில் கேட்டார்: "ராத்திரி கரண்ட் போய் வந்ததே, மாப்பிள்ளை. மோட்டார் ஏட்டில் ஏதாவது இருக்கிறதா?"