ரசமட்டம் முதலில், ஸ்பேனர் அப்புறம்

அமெரிக்காவில் ஆர்வி என்பது சக்கரம் வைத்த வீடு. அடுப்பு, கட்டில், கழிப்பறை, ஃபிரிட்ஜ் எல்லாம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் குலுங்கிக்கொண்டே வரும். அந்தக் குலுக்கலில் தினம் ஏதாவது ஒன்று கழன்றுகொள்ளும். அதனால் முதல் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பாதி ஒர்க்ஷாப்பையே பெட்டியில் அடைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். சில பயணங்களுக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் பெரிய ஸ்பேனர் செட் வாங்கிய மெருகோடு அப்படியே இருந்தது. தேய்ந்து போயிருந்தவை டயர் காற்று பார்க்கும் கேஜ், மின்சாரம் பார்க்கும் மல்டிமீட்டர், விரல் நீள ரசமட்டம், சோப்புத் தண்ணீர் அடைத்த ஸ்பிரே பாட்டில். இந்த நாலும் எதையும் கழற்றாது, பூட்டாது. எது கெட்டிருக்கிறது, எது கெடவில்லை என்று சொல்லும், அவ்வளவுதான்.

கேஜிலிருந்தே தொடங்கலாம். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்திலும் விடியற்காலையில் 5 டிகிரிக்கு இறங்கும். அங்கே டிரெய்லர் (வேறு வண்டி இழுத்துப் போகும் ஆர்வி) டயரில் 80 பிஎஸ்ஐ காற்று பிடித்துக்கொண்டு, 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 340 கிலோமீட்டர் இறங்கினால் கொலராடோ ஆற்றங்கரையில் நீடில்ஸ் என்ற ஊர் வரும். உயரம் 150 மீட்டர், மதிய வெயில் 45 டிகிரி. ஓடிய சூடு அடங்கட்டும் என்று வண்டியை நிழலில் நிறுத்தி, மூன்று மணி நேரம் கழித்துக் கேஜை வைத்தேன். 90 காட்டியது. டயரின் பக்கச்சுவரில் அதிகபட்சம் 80 என்று அச்சடித்திருக்கிறது. கொஞ்சம் காற்றை இறக்கிவிடலாமா என்று கை பரபரத்தது.

இறக்கக் கூடாது. அடைத்து வைத்த காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு சேர்ந்து ஏறும். கணக்கை கெல்வினில் போட வேண்டும், அதாவது டிகிரியோடு 273-ஐக் கூட்டி: 278-லிருந்து 318. கேஜ் காட்டுவதோ டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. மலை மேல் வெளிக்காற்று 11.4 பிஎஸ்ஐ, ஆற்றங்கரையில் 14.4. ஆக, வெயில் 13 பிஎஸ்ஐ ஏற்றியது, கீழே அடர்ந்திருக்கும் காற்று அதில் 3-ஐப் பிடித்துக்கொண்டது. மிச்சம் பத்து. டயரில் அச்சடித்த 80 என்பது குளிர்ந்த டயருக்கான எண். ஓடும்போதும் வெயிலிலும் சூட்டில் ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் டயர் செய்கிறார்கள்.

ஆற்றங்கரையில் 80-க்கு இறக்கிவிட்டு மறுபடி மலையேறினால், மறுநாள் விடியற்காலை கேஜ் 71 காட்டும். அதுதான் ஆபத்து. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி நிமிரும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் வளைந்த இடம் சுடுமே, அதே கதை. சூடு ஏற ஏற ரப்பரும் உள்ளே இருக்கும் இழையும் பிரியும், கடைசியில் வெடிக்கும். நடுச்சாலையில் டிரெய்லர் டயர் கிழிந்து கிடப்பதைப் பார்க்கிறவர்கள் காற்று கூடி வெடித்தது என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் குறைந்துதான் வெடிக்கிறது.

சக்கர நட்டுக்கும் ஒரு அளவு உண்டு. நட்டை முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புத்தான் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் போல்ட்டை நீட்டப் போவது சுமார் பத்தில் ஒரு பங்கு. மீதியை நட்டின் அடிப்பக்கமும் போல்ட்டின் திருகு மறையும் உராய்வில் தின்றுவிடும். அதனால்தான் மறையில் எண்ணெய் தடவி முறுக்குவது வம்பு: உராய்வு குறைந்து, அதே முறுக்கில் போல்ட் தேவைக்கு மேல் நீண்டுவிடும். ரென்ச் மேல் ஏறி நின்று மிதிப்பதும் அப்படித்தான். முறுக்கின் அளவு பார்க்கும் டார்க் ரென்ச் 'டக்' என்று சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். சக்கரம் மாட்டி 50 மைல் ஓடியதும் இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம், ஏனென்றால் புதிதாகப் பூட்டிய சக்கரம் ஓட ஓடத்தான் அமரும், அப்போது நட்டு தளரும்.

இனி ரசமட்டம். கொத்தனார் கையில் இருக்கும் கருவிக்கு ஃபிரிட்ஜில் என்ன வேலை? ஆர்விகளில் நெடுங்காலமாக இருப்பது கேஸ் நெருப்பில் குளிரும் ஃபிரிட்ஜ். 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் வடிவமைத்தது. மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது, சத்தமும் இல்லை. பின்பக்கக் குழாயில் அம்மோனியா கலந்த தண்ணீர் கொதிக்கிறது. கொதிக்கும் குமிழ்கள் திரவத்தை மேலே தள்ள, அம்மோனியா ஆவி பிரிந்து மேலேறிக் குளிர்ந்து திரவமாகிறது. அது உள்ளே இறங்கி ஹைட்ரஜனோடு கலக்கும் இடத்தில் மறுபடி ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தை உங்கள் தயிர்க் கிண்ணத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து, வழிந்து, நெருப்புக்கே திரும்புகிறது.

குமிழ் தள்ளிவிடும் அந்த ஒரு இடத்தைத் தவிர மற்ற எல்லாமே சரிவில் வழிந்துதான் ஓடுகிறது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து மணிக்கணக்கில் நின்றால் திரவம் வளைவுகளில் தேங்கிவிடும். நெருப்புப் பக்கக் குழாய் வறண்டு தீய்ந்துபோகும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கும் குரோமேட் உப்பு படிந்து குழாயை அடைத்துவிடும். அதற்கப்புறம் அந்தக் குழாய்த் தொகுதியைத் திறந்து சரி செய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். ஓடும்போது சாய்ந்தால் பரவாயில்லை, குலுக்கலில் தேங்காது. ஆக, வண்டியை நிறுத்தியதும் ஃபிரிட்ஜ் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. புது வண்டிகளில் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வருகிறது, அதற்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

மல்டிமீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு தப்பாக அளக்கிறவர்கள்தான் அதிகம். தண்ணீர் பம்ப் மெதுவாக முனகுகிறது. குழாயை மூடி, பம்ப் ஓடாமல் நிற்கும்போது அதன் வயரில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட், பேட்டரி நிறைந்திருக்கிறது. பம்ப் போச்சு என்று புதிது வாங்கிவிடுவார்கள். பம்பை ஓடவிட்டு அளந்திருந்தால் அதே இடத்தில் 10.8 காட்டியிருக்கும். பம்ப் வயரை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும், பச்சை பூத்த எர்த் ஸ்க்ரூவில் தடை இருக்கிறது. ஆனால் மின்னோட்டம் ஓடினால்தான் அந்தத் தடை வோல்ட்டைத் தின்னும். ஓட்டம் இல்லாதபோது நல்ல பிள்ளையாக இருக்கும். மருந்து ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு திருப்புளி.

ஃபியூஸ் டப்பாவையும் மறக்க வேண்டாம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் தீர்ந்துபோய்விட்டது என்று பச்சையைச் சொருகும் ஆசை வரும். சுவருக்குப் பின்னால் ஓடும் வயர் 15-க்குத் தாங்கும் தடிமன்தான். ஃபியூஸ் உருகாமல் நின்றால் உருகப் போவது அந்த வயர், அதைச் சுற்றி இருப்பதோ மரப்பலகை.

ஒட்டுச் சாமான்களில் எனக்கு நம்பிக்கை இரண்டில்தான். ஒன்று, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப். பசையே இல்லாததால் ஈரக் குழாய் மேலும் இழுத்துச் சுற்றலாம். இன்னொன்று கூரை ஓரத்துக்கு பியூட்டைல் டேப். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் பசையை ரப்பர் கூரையில் பிதுக்காதீர்கள். அது சரியாகப் பிடிக்காது, அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

கடைசியாக சோப்புத் தண்ணீர். வண்டி அடுப்பில் எரியும் கேஸான புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையில் படுத்துக்கொள்ளும். வண்டிக்குள் கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டி வைப்பது அதனால்தான். அதற்கு மணம் கிடையாது, நமக்கு வரும் நாற்றம் எச்சரிக்கைக்காகச் சேர்ப்பது. சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும் நுரையை அடித்து, நூறு எண்ணும்வரை பார்க்க வேண்டும். பெரிய கசிவு உடனே குமிழ் விடும். சின்னது கடுகு மாதிரி ஒன்றே ஒன்று, மெதுவாக ஊதிப் பெருகும். வால்வை மூடி, இணைப்பை இறுக்கி, மறுபடி திறந்து நுரை அடிக்கிறோம். குமிழ் வரவில்லை என்றால் அதே பாட்டிலில் மிச்சம் இருப்பதை வைத்து டீ பாத்திரத்தைக் கழுவிவிடலாம்.